குவாயாவுக்கு ஊற்றாத தண்ணீர்

சிலுவைத் திருநாள் கழிந்து பத்தாம் நாள் பிற்பகலில் ஆலங்கட்டி மழை பிடித்தது. கதிர் பிடித்து நின்ற பார்லியை ஒரு மணி நேரத்துக்குள் அடித்துச் சேற்றோடு சேர்த்துவிட்டது. மழை ஓய்ந்ததும் என் தம்பி அயல்நே வயலில் இறங்கி, கணுக்கால் வரை வெள்ளைக் கட்டிகளுக்குள் நின்றபடி ஒவ்வொரு பாத்தியாகக் குனிந்து பார்த்தான். நாங்கள் வரப்பில் நின்றோம்.

"பார்லி போச்சு. கோதுமை போச்சு. அவரை வேரோட போச்சு" என்றான். கடைசிப் பாத்தியில் குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு திரும்பி, "அக்கா, குவாயா மட்டும் தலை ஒடிஞ்சிருக்கு. வேர் நிக்குது. வந்துரும்" என்று கத்தினான். அவன் மனைவி வுபெத் கைகூப்பி மாதாவுக்கு நன்றி சொன்னாள். நானும் சொன்னேன். அன்றைக்கு அந்தச் செடிக்காக நன்றி சொல்லாத வீடு எங்கள் மேட்டுநிலத்தில் ஒன்றுகூட இல்லை.

குவாயாப் பயறு கழுதை மாதிரி. கரிசலில் தண்ணீர் தேங்கிக் கிடந்தாலும் வரும், வானம் பொய்த்தாலும் வரும். நாலு சால் உழ வேண்டாம். மழைக்காலம் முடிகிற ஈரத்தில் கையால் வீசிவிட்டால் போதும். ஆனால் அது காலை வாங்கிவிடும் என்பதும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எப்படி வாங்கும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. வேகும்போது வருகிற ஆவி பட்டால் கால் போகும் என்பார்கள். அதன் வைக்கோலில் படுத்தால் போகும் என்பார்கள். நல்ல வருஷத்தில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படமாட்டோம். பத்துக் கை பார்லிக்கு ஒரு கை குவாயா என்று குழம்பு மாவில் கலப்போம், அவ்வளவுதான்.

என் பெயர் எங்குதாய். பெஷிலோ பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் என்னைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷம் பிள்ளை இல்லை. ஒருநாள் என் புருஷன் வேறொருத்தியைக் கூட்டிவந்தான். நான் ஒரு போர்வையோடு பள்ளத்தாக்கு இறங்கி ஏறித் தம்பி வீட்டுக்கு வந்தேன். அயல்நே ஒன்றும் கேட்கவில்லை. "உள்ள வாக்கா, காத்து அடிக்குது" என்றான். அன்றிலிருந்து அந்த வீட்டில் தண்ணீர் சுமப்பது என் வேலை. யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று வுபெத் நினைத்துவிடக் கூடாதே.

வுபெத் கோவேறு கழுதையும் தைலமரத் தோப்பும் உள்ள வீட்டுப் பெண். வாய் கொஞ்சம் நீளம், மனசு மோசமில்லை. இருபத்திரண்டு வயது. அவர்களுக்கு நாலு வயதில் திருயே என்று ஒரு பெண் குழந்தை.

ஒடிந்த குவாயா துளிர்த்து, கொடியோடி, நீலமாகப் பூத்தது. ஆண்டவர் ஞானஸ்நானம் பெற்ற தீம்கத் திருவிழா முடிந்த கையோடு அறுவடை. பனி காயுமுன் பிடுங்க வேண்டும். வெயில் ஏறினால் காய் வெடித்து மணி சிதறிவிடும். விடியலில் விரல் விறைக்க விறைக்க மூன்று பேரும் பிடுங்கினோம். களத்தில் கதிரைப் போரடிக்கும்போது வுபெத் தன் புருஷனின் வாயைச் சுற்றித் துணி கட்டினாள். முழங்கால் இரண்டிலும் தன் பழைய பாவாடையைக் கிழித்துச் சுற்றினாள்.

"என்னடி இது, பிணத்துக்குக் கட்டுற மாதிரி?" என்று அவன் சிரித்தான்.

"வைக்கோல் தூசி கால்ல படக் கூடாது. சும்மா நில்லுங்க. கால் போச்சுன்னா உங்கள யார் சுமக்கறது? உங்கக்காவா?"

"அக்கா தண்ணியே சுமக்குது. என்னைச் சுமக்காதா?"

களத்தில் இருந்தவர்களெல்லாம் சிரித்தோம்.

பயறு வீட்டுக்கு வந்தபோது கலப்பதற்கு ஒரு பிடி பார்லிகூட இல்லை. காலையில் வறுத்த குவாயா, மத்தியானம் குவாயா மாவு அடை, ராத்திரி குவாயாக் குழம்பைத் தொட்டு அதே அடை. வுபெத் கொல்லையில் கல் கூட்டி, தம்பி வயலுக்குப் போன பிறகுதான் வேக வைப்பாள். அவன் மேல் ஆவி படக் கூடாதாம். நான் ஒருநாள் சொன்னேன்:

"ஆவியில இல்ல வுபெத். என் மாமியார் ஊறவெச்சுத்தான் சமைப்பா. ராத்திரி ஊறவெச்சு, விடிஞ்சதும் அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, மறுபடி தண்ணி ஊத்தி, அதையும் கொட்டுவா. அவ தம்பிக்குக் கால் போச்சு. அதுக்கப்புறம் ஊறவெக்காத குவாயாவை வீட்டுக்குள்ளயே விடமாட்டா."

வுபெத் இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தாள். "அவ்வளவு அருமையான மாமியாரை விட்டுட்டு ஏன் மதினி வந்தீங்க?"

கேட்ட பிறகு அவளுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது போல. "சரி, ஊறவெக்கலாம். ஆனா தண்ணி? தினம் ஒரு குடம் வருது. குடிக்க, சமைக்க, மாட்டுக்கு. ரெண்டு தரம் கொட்டணும்னா இன்னும் ரெண்டு குடம் வேணும். நீங்க கொண்டுவந்தா நான் ஊறவெக்கிறேன்" என்றாள்.

"கொண்டுவரேன்" என்றேன்.

ஊற்று பள்ளத்தாக்கின் பாதிச் சரிவில் இருக்கிறது. இறங்க முக்கால் மணி நேரம், குடத்தோடு ஏற ஒன்றரை மணி. பதினோரு நாள் மூன்று நடை நடந்தேன். வுபெத்தும் சொன்னபடியே செய்தாள். ஊறிய தண்ணீரைக் கொட்டும்போது ஒவ்வொரு தடவையும், "ருசியெல்லாம் போகுது பாருங்க" என்று முனகுவாள். ஆனாலும் கொட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் இரண்டாவது நடையில் சரளையில் கால் வழுக்கி விழுந்தேன். மண்குடம் முதுகுக்கடியில் உடைந்தது. பெரிய காயம் ஒன்றுமில்லை. முதுகில் ஒரு சிராய்ப்பு, இடுப்பில் வலி. அந்தச் சரிவில் உட்கார்ந்து அழுதேன். ஊற்றும் வற்றிக்கொண்டிருந்தது, ஒரு குடம் நிறைய வரிசையில் காத்துக் கிடக்க வேண்டும். நாளைக்கும் மூன்று நடை, நாளை மறுநாளும் மூன்று நடை என்று எண்ணிப் பார்த்தேன். எனக்குப் பிள்ளையில்லை, வீடில்லை, யாருக்காக இப்படி நடக்கிறேன் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தேன். வுபெத் பதறி என் முதுகைத் துடைத்துவிட்டாள். பக்கத்து வீட்டில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கேன் இரவல் கேட்டு வாங்கினாள். "ஊறவெக்கிறதுக்கு என்ன மதினி பண்றது?" என்று கேட்டாள்.

"விடு. அதெல்லாம் கிழவி பேச்சு. அவ தம்பிக்கு வேற ஏதோ நோய் இருந்திருக்கும்" என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

அவள் நம்பினாள். நான் கொண்டுவந்த பேச்சை நானே பொய்யென்று சொன்னால் அவள் வேறு என்ன செய்வாள்?

அப்புறம் உயிர்ப்புத் திருநாளான பாஸ்காவுக்கு முந்திய ஐம்பத்தைந்து நாள் நோன்பு வந்தது. பாலும் இல்லை, வெண்ணெயும் இல்லை, குவாயா மட்டும்தான். அயல்நே பள்ளத்தாக்குச் சரிவில் கல் அடுக்கித் திட்டுக் கட்டும் வேலைக்குப் போனான். கூலியாகக் கோதுமை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். லாரி மேட்டில் ஏற முடியவில்லை, அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனது. நாளெல்லாம் கல் சுமக்கிறவனாயிற்றே என்று வுபெத் தன் பங்கில் பாதியை அவன் பக்கம் தள்ளிவிடுவாள். எல்லாரும் ஒரே தட்டில்தான் சாப்பிடுவோம். அவன் பக்கம் தட்டு எப்போதும் குவிந்திருக்கும். "சாப்பிடுங்க, எனக்குப் போதும்" என்பாள். சிலநாள் கவளத்தை உருட்டி அவன் வாயில் வைப்பாள். நானும் என் பங்கைத் தள்ளினேன்.

பாஸ்காவுக்கு எட்டு நாள் முன்பு, காலையில் வேலைக்குக் கிளம்பியவன் வாசலில் நின்றுவிட்டான்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா, கால் மரத்துப்போச்சு" என்று தொடையைத் தட்டிக்கொண்டான். ஒரு அடி வைத்தான். முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசி, குதிகால் தரையில் படாமல் விரல்நுனியில் நின்றான். பிறகு குப்புற விழுந்தான். விழுந்தும் சிரித்தான். "நேத்து அந்தப் பெரிய கல்லைத் தூக்கியிருக்கக் கூடாது. அதான் பிடிச்சுக்கிச்சு" என்றான். திருயே அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து அவன் முதுகில் ஏறிக்கொண்டாள்.

வுபெத் சிரிக்கவில்லை. எண்ணெயைச் சூடாக்கி அவன் கெண்டைக்காலை ராத்திரி வரை தேய்த்தாள். கெண்டை கயிறு முறுக்கினாற்போல் இறுகிக் கிடந்தது. பாஸ்கா அன்று ஒரு கோலோடு கோயிலுக்குப் போனான். அடுத்த மாதம் மலைக்கோயிலில் தீர்த்தம் ஊற்றக் கூட்டிப் போனோம். இருபது நாள் விடியலில் அந்தக் குளிர்ந்த தண்ணீரை அவன் தலையில் கொட்டினார்கள். ஒரு கோலோடு போனவன் இரண்டு கோலோடு திரும்பினான். கோதுமை லாரி பாஸ்கா கழிந்து மூன்றாம் வாரம் வந்தது.

எங்கள் ஊரில் மட்டும் பதினோரு ஆண்கள் விழுந்தார்கள். எல்லாரும் இளவட்டங்கள், வேலைக்குப் போனவர்கள்.

மழைக்காலம் தொடங்குமுன் பட்டணத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். கோயில் மரத்தடியில் பதினோரு பேரையும் ஒவ்வொருவராக நடக்கச் சொல்லிப் பார்த்தாள். எங்கள் ஆட்களில் ஒருவன், "கல்யாணத்துக்கு ஆடச் சொன்னாக்கூட இத்தனை பேர் கூட மாட்டாங்கம்மா" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவள் பெண்களைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆவியில ஒண்ணுமில்ல, வைக்கோல்ல ஒண்ணுமில்ல. பருப்புக்குள்ளதான் விஷம். வேற தானியம் கலக்காம மாசக்கணக்குல தின்னா நரம்பைப் பிடிக்கும். போன கால் திரும்பாது, நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா ஊறவெச்சுத் தண்ணியைக் கொட்டினா விஷம் நிறைய இறங்கிடும். உங்கள்ல யாராவது ஊறவெச்சீங்களா?"

கூட்டத்தில் வுபெத் எழுந்தாள். "நாங்க ஊறவெச்சோம்மா. பதினோரு நாள்."

"அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?"

வுபெத் என் பக்கம் திரும்பினாள். ஊரே திரும்பியது.

"தண்ணி இல்ல" என்றேன்.

நர்ஸ் தலையாட்டினாள். அந்த மேட்டில் அது எல்லாருக்கும் புரிகிற பதில். வுபெத் மட்டும் உட்காராமல் என்னைப் பார்த்தபடியே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. "கிழவி பேச்சுன்னு சொன்னீங்களே மதினி. நிஜமாத்தான்னு சொன்னீங்களே."

நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் நின்றபடியே சொன்னாள்:

"தண்ணி சுமக்க முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருப்பேன். குழந்தையை முதுகுல கட்டிக்கிட்டுப் போயிருப்பேன். நான் அவருக்கு என் கையால ஊட்டினேன் மதினி. என் கையால."

அன்று ராத்திரி தட்டு ஒன்றாக இல்லை. எனக்குத் தனியாக ஒரு ஓரத்தில் சின்னத் தட்டில் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் இருந்த நாள் வரை அப்படித்தான். அயல்நே அதைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு யார் சொன்னார்களோ, எவ்வளவு சொன்னார்களோ, எனக்குத் தெரியாது.

மழை அந்த வருஷம் குறையில்லாமல் பெய்தது. விதைக்கத்தான் ஒன்றுமில்லை. கூலிக் கோதுமையை அரைத்துத் தின்றாகிவிட்டது. எருதைத் தீர்த்தத்துக்குப் போகும் செலவுக்கே விற்றிருந்தோம். பானையின் அடியில் விதைக்கென்று கட்டி வைத்திருந்தது குவாயா ஒன்றுதான்.

"அந்த எழவை நான் தொடமாட்டேன்" என்றாள் வுபெத்.

"வேற என்ன இருக்கு?" என்று கேட்டான் அயல்நே.

"நிலம் சும்மா கிடக்கட்டும்."

"சும்மா கிடந்தா சர்க்கார்ல வேற ஆளுக்கு எழுதிடுவாங்க. அப்புறம் கோலும் நானும்தான்." அவன் என்னைப் பார்த்தான். "அக்கா, நீ வீசு."

எங்கள் பக்கம் பெண்கள் ஏர் பிடிப்பதில்லை. பங்குக்கு உழ ஒருவனைப் பிடித்தோம். விளைச்சலில் பாதி அவனுக்கு. அவன் பேருக்கு இரண்டு சால் கீறிவிட்டுப் போனான். நான் பாவாடையில் பயறைக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி வீசினேன். அயல்நே வரப்பில் இருந்து பார்த்தவன், நான் வீசுவது திட்டுத்திட்டாக விழுகிறது என்று கோல்களைப் போட்டுவிட்டுக் கைகளை ஊன்றி உள்ளே வந்தான். சேற்றில் இடுப்பை இழுத்து இழுத்து, விட்டுப்போன இடங்களில் அவனே தூவினான். நடுப்பாத்தியில் நகர முடியாமல் மாட்டிக்கொண்டான். நானும் உழவனும் அக்குளில் கைகொடுத்து இழுத்து வெளியே போட்டோம். வுபெத் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயந்திரம்தான் அவள் தன் அப்பாவுக்கு ஆள் அனுப்பினாள்.

அவள் அப்பா கோவேறு கழுதையோடு வந்தார். காப்பிகூட வேண்டாம் என்றார். "மருமகனே, கோபப்படாத. இவளுக்கு இருபத்திரண்டு வயசு" என்றார்.

"கோபமில்ல மாமா. கூட்டிட்டுப் போங்க" என்றான் அயல்நே.

வுபெத் அழுதாள். "நீங்க இருன்னு சொன்னா இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"நீ இருந்தா மறுபடி உன் பங்கை என் பக்கம் தள்ளுவ. போ வுபெத். குழந்தைக்குப் பார்லி குடு."

திருயேயைக் கழுதை மேல் வைத்தார்கள். அவளுக்கு ஒரே சந்தோஷம். கழுதைப் பயணம் என்றால் அவளுக்குப் பிடிக்கும். அயல்நே முகத்தைத் திருப்பிக்கொண்டான். வுபெத் என்னிடம் சொல்லாமல்தான் போனாள். அது நியாயம்தான்.

நாங்கள் இருவர் ஆனோம். குவாயா விளைந்தது. நான் பள்ளத்தாக்கிற்கு மூன்று நடை நடந்து, ஊறவைத்து, கொட்டி, மறுபடி ஊறவைத்துச் சமைத்தேன். ஒருநாள் கொல்லையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் கோல் சத்தம் கேட்டது.

"அக்கா. அன்னிக்கு ஏன் நிறுத்தின?"

ஒரு வருஷமாக நான் பயந்த கேள்வி. பொய் ஒன்றும் கைவசம் இல்லை. "முதுகு வலிச்சுது. முடியல. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. தண்டச்சோறுன்னு நெனச்சிருவாளோன்னு. அதான் கிழவி பேச்சுன்னுட்டேன்."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். கோல்கள் இரண்டும் நடுங்கின. நிற்கும்போது அவன் கால்கள் தானாகவே நடுங்கும்.

"உனக்கு வலிச்சது எனக்குத் தெரியும்" என்றான். "நீ விழுந்த அன்னிக்கு முதுகைப் பாத்தேன். நான் ஒரு கேனை எடுத்துக்கிட்டு இறங்கியிருக்கலாம். அப்ப எனக்குக் கால் இருந்துச்சு. ஓடியே போயிட்டு வந்திருப்பேன். ஆம்பள தண்ணி சுமந்தா ஊர் சிரிக்குமேன்னு பேசாம இருந்துட்டேன்."

"நீ என்னை ரெண்டு அடி அடிச்சிரு தம்பி."

"அடிச்சா விழுந்துருவேன்" என்றான்.

அவன் என்னை மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை. அடுத்த வாரம் எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பேர், எல்லாரும் கோல்காரர்கள், தெஸ்ஸே பட்டணத்துக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. அங்கே பெரிய கோயில் வாசலில் உட்கார்ந்தால் தினம் சாப்பாட்டுக்குக் குறைவில்லையாம். அயல்நேயும் கிளம்பினான். நான் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"பிச்சை எடுக்கப் போறியா? அப்பா பேரு என்ன ஆகும்?"

"அப்பா பேரு இந்த மேட்டோட இருக்கட்டும். அங்க யாருக்கு நம்ம அப்பாவைத் தெரியும்? ஒரு வாய் குறைஞ்சா உனக்கு ஒரு நடை குறையும்."

லாரியின் பின்பக்கத்தில் மூட்டைகள் மேல் அவனைத் தூக்கி வைத்தார்கள். கோல்களை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து, சேர்த்து வைத்த காசில் தெஸ்ஸேக்குப் போனேன். ஒரு நாள் முழுக்க லாரியில் நின்றுகொண்டே போனேன். கோயில் வாசலில் இருபது முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊர்க்காரன் ஒருவனை அடையாளம் கண்டேன். அவன் என்னைப் பார்த்ததும் போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டான். பக்கத்தில் குந்தி, "அயல்நே எங்கப்பா?" என்று கேட்டேன்.

"இங்க இல்லக்கா. மழைக்கு முன்னாடியே கொம்போல்ச்சா பக்கம் போனான். லாரி நிக்கிற இடத்துல நல்லா கிடைக்குதுன்னு சொன்னாங்க."

"நல்லா இருந்தானா?"

அவன் போர்வையை விலக்கினான். "கோல் விட்டுட்டான். கையை ஊனித்தான் போறான்" என்றான்.

கொம்போல்ச்சாவில் இரண்டு நாள் தேடினேன். லாரி நிற்கும் இடம், சந்தை, மூன்று கோயில், ஒரு மசூதி வாசல்கூடப் பார்த்தேன். அப்படி ஒருவன் இருந்தான் என்று ஒரு டீக்கடைக்காரி சொன்னாள். எங்கே போனான் என்று அவளுக்குத் தெரியவில்லை. "அவங்கள்லாம் ஒரே மாதிரிதானேம்மா இருக்காங்க" என்றாள்.

மூன்றாம் நாள் கையில் ஊர் திரும்ப லாரிக்குக் கொடுக்கும் காசு மட்டும்தான் இருந்தது. உழவன் வந்து காத்திருப்பான், பங்குக்குப் பேசியிருந்தேன். விதைப்பு தள்ளிப்போனால் ஈரம் காய்ந்துவிடும். லாரியில் ஏறினேன். வழியெல்லாம் சாலையோரத்தில் தரையோடு நகர்கிற எதைப் பார்த்தாலும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேடு ஏறத் தொடங்கியதும் இருட்டிவிட்டது.